285 டாலருக்கு நான் வாங்கிய ‘கானன்’ முதல் இதழ்: பழைய காமிக்ஸ் வாங்குவோர் கவனத்திற்கு

பழைய பொருள்களை ஏலத்தில் விற்கும் ஓர் இணையதளத்தில், மார்வெல் 1970-இல் வெளியிட்ட ‘கானன் தி பார்பேரியன்’ என்ற வாள்வீரன் காமிக்ஸின் முதல் இதழை 285 டாலர் கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். பார்சல் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இத்தகைய இதழ்களை வாங்குவோர் பார்க்க வேண்டியவற்றை முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

மேற்படிப்புக்காக டெக்சாஸ் வந்த புதிதில், அறைத்தோழர் ஒருவரின் அட்டைப்பெட்டியில் இருந்த இந்த இதழை ஒரே இரவில் மூன்று முறை படித்தேன். கானனைப் படைத்த எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் வாழ்ந்த கிராஸ் ப்ளெயின்ஸ் ஊரும் இதே டெக்சாஸில்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பின்னாளில் ஜான் பஸ்ஸெமா வரைந்த கானன் மலைபோல் நிற்பவன். முதல் இதழில் பேரி ஸ்மித் வரைந்தவனோ கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த, இன்னும் முற்றாத இளைஞன். மந்திரக்காரனின் நட்சத்திரக் கல்லில், தான் ஒருநாள் அரசனாவதை அவன் காணும் காட்சியை மீண்டும் படிக்க வேண்டும் என்ற ஆசையால்தான் இந்தச் செலவுக்கே துணிந்தேன்.

விற்றவர் அட்டையின் படங்களை மட்டுமே போட்டிருந்தார். உள்தாள்களின் படம் கேட்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, சிறுவயதில் பதினைந்து சென்ட் கொடுத்துத் தாமே கடையில் வாங்கிய பிரதி அது என்றும், முதல் இதழைவிட மூன்றாம் இதழ் கிடைப்பதுதான் கடினம் என்றும் நீளமாக ஒரு பதில் எழுதினார். மூன்றாம் இதழைப் பற்றி அவர் சொன்னது உண்மை. இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்று நான் முடிவுகட்டியது அந்த நொடியில்தான். படம் கேட்காமலேயே 285 டாலரையும் செலுத்திவிட்டேன்.

வந்த பிரதியில் ஒரு தாள் இல்லை. இதழின் முதுகை, அதாவது தாள்கள் மடிந்து சேரும் விளிம்பை ஒட்டி, பிளேடால் அறுத்ததுபோல் நேர்த்தியாக நீக்கப்பட்டிருந்தது, அதுவும் நட்சத்திரக் கல் காட்சியின் ஒரு பகுதி வரும் தாள். அருகிலுள்ள காமிக்ஸ் கடைக்காரர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, முதுகில் நிறம் உதிர்ந்த இடங்களை மார்க்கர் பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள் என்றார். துருக்கறை ஓரிடத்திலும் பளபளக்கும் ஸ்டேப்பிள் கம்பி வேறிடத்திலும் இருந்ததை, அதாவது பழைய கம்பியை மாற்றியிருந்ததை, அவர் காட்டிய பிறகுதான் நானே கவனித்தேன். நாற்பது டாலருக்குமேல் இதற்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார். நான் கொடுத்தது 285.

விற்றவருக்கு எழுதினேன். ஐம்பது ஆண்டுப் பழைய காகிதத்திடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தது; அதற்குப் பின் பதிலே இல்லை. காகிதம் பழுப்பேறியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன், ஆனால் முதுமையால் எந்தத் தாளும் தன்னைத்தானே அறுத்துக்கொள்வதில்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, முதலில் படங்களை அனுப்பச் சொன்னது; அனுப்பியபின், பொருள் விளம்பரப் படங்களுடன் ஒத்துப்போவதால் பணம் திருப்பித் தர இயலாது என்றது. இல்லாத தாளை எந்தப் படத்துடன் ஒப்பிட்டார்கள் என்ற என் கேள்விக்கு, முன்பு அனுப்பிய அதே பதிலை வேறொரு பெயரில் மீண்டும் அனுப்பினார்கள். 285 டாலர் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. ஒவ்வொரு தாளையும் எண்ணிக் காட்டும் காணொளி கேளுங்கள். ஸ்டேப்பிள் கம்பியின் அருகுப்படம் கேளுங்கள். விற்பவரின் இளமைக்காலக் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்; அந்தத் தளத்திற்கு நான்காவது முறையாகப் புகார் எழுத வேண்டியிருக்கிறது.