பட்டன் பாதி தேய்ந்த பிறகு எது நிற்கும்? கட்டுப்படியாகும் ஸ்போர்ட்ஸ் கார் டயர்கள் – ஓர் ஒப்பீடு

என்னுடைய டொயோட்டா 86 காருக்கு 215/45 ஆர்17 அளவில் நான்கு டயர்களையும் மாற்ற வேண்டியிருந்தபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை மூன்று: கான்டினென்டலின் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02, பயர்ஸ்டோனின் பயர்ஹாக் இண்டி 500, ஹான்கூக்கின் வென்டஸ் ஆர்எஸ்4. இந்த வகை டயர்களுக்கு அளவுகோலாகப் பலரும் கொள்ளும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸை விலை காரணமாக முதலிலேயே விட்டுவிட்டேன். நான் வாங்கியது கான்டினென்டல். அது தேய்ந்ததும் மறுபடியும் அதையே வாங்கினேன் என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேகக் குறியீடு, சுமைக் குறியீடு ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. காரின் கையேட்டில் உள்ள அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். மூன்றும் அதைத் தாண்டியவையே. உலர்ந்த சாலையில் கிடைக்கும் பிடிப்பைப் பற்றியும் நீட்டி முழக்க வேண்டியதில்லை. இந்தக் கார் முதலில் வெளிவந்தபோது மிஷெலின் பிரைமசி எச்பி என்ற சொகுசுப் பயண டயரோடுதான் வந்தது. அதிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் வேற்றுமை முதல் வளைவிலேயே கைக்குத் தெரியும். மூன்றில் ஆர்எஸ்4 ஒரு படி மேலே நிற்கிறது. மற்ற இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொதுச்சாலையில், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் ஓட்டிப் பார்த்து அறிய முடியாது.

டயரின் பக்கச்சுவரில் உள்ள தேய்மான எண்ணைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். எண் கூடினால் மெதுவாகத் தேயும் என்று பொருள். கான்டினென்டலுக்கும் இண்டி 500க்கும் அது 340, ஆர்எஸ்4க்கு 200. அமெரிக்க அரசின் விதிப்படி, டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ அருகே பொதுச்சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைக்கப்பட்ட ஓர் ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஆனால் டயரில் அச்சிடப்படும் எண்ணை அறிவிப்பது தயாரிப்பாளரே. மேலும், அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு தெருக் கார்களுக்கான போட்டிப் பிரிவுகளில் குறைந்தது 200 எண் வேண்டும் என்று விதித்திருப்பதால், அந்த எண்ணைக் குறிவைத்தே உருவாக்கப்படும் டயர்கள் பல உண்டு. ஆகவே 340, 200 என்பவற்றை வைத்து ஒரே கூட்டலில் ஆயுளைக் கணக்கிட்டுவிட முடியாது. எது மெதுவாகத் தேயும், எது விரைவாகத் தேயும் என்ற திசையை மட்டும் அவை காட்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பட்டன் (தரையைத் தொடும், பள்ளங்கள் வெட்டிய ரப்பர் பகுதி) பாதி தேய்ந்த பிறகு, மழை பெய்து நனைந்த சாலையில் அந்த டயர் எப்படி நடந்துகொள்கிறது என்பது. புது டயராக இருக்கும்போது மூன்றுமே ஈரத்தில் தைரியம் தரும். நாம் ஓட்டுவதோ பெரும்பாலும் புது டயரில் அல்ல. அதன் வாழ்நாளின் பின்பாதியில்தான் கவனமும் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டயர் தரையைத் தொடும் பகுதியின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்த நீளத்தைக் கடக்க ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆகிறது. அதற்குள் முன்னால் கிடக்கும் தண்ணீரைப் பட்டனில் உள்ள பள்ளங்களான காடிகள் வாங்கி வெளியே தள்ளிவிட வேண்டும். தள்ள முடியாத கணத்தில் ரப்பர் தரையை விட்டுத் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கிறது. புதிதில் 8 மி.மீ. ஆழமாக இருந்த காடி 4 மி.மீ. ஆகும்போது தண்ணீருக்கான இடம் பாதியாகிவிடுகிறது. பட்டன் கட்டைகளில் கீறப்பட்டிருக்கும் மெல்லிய வெட்டுகள் முழு ஆழத்துக்கும் இல்லாவிட்டால், பாதித் தேய்மானத்தில் அவையும் மறைந்துபோகின்றன. போதாக்குறைக்கு, வெயிலிலும் சூட்டிலும் பலமுறை காய்ந்து ஆறிய ரப்பர் இறுகிவிடுகிறது. எடை குறைந்த காரில் அகலமான டயரைப் பூட்டும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது; தரையை அழுத்தும் பாரம் அதிகப் பரப்பில் பரவுவதால், தண்ணீரைப் பிளந்து இறங்கும் வலு குறைகிறது. 1,250 கிலோ அளவில் நிற்கும் பின்சக்கர இயக்கக் காருக்கு இது சின்ன விஷயம் அல்ல. அதிலும் பின் டயர்கள்தான் முதலில் தேய்கின்றன. ஈரச் சாலையில் பின்பக்கம் முதலில் பிடி விடுவதுதான் ஓட்டுநருக்குச் சமாளிக்கக் கடினமானது.

தேய்ந்த டயர் ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்தச் சான்றெண்ணும் நமக்குச் சொல்வதில்லை. அமெரிக்கக் குறியீட்டில் ஏஏ, ஏ என்று வரும் ஈரப்பிடிப்புத் தரம், நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளக்கப்படுவது. வளைவில் கிடைக்கும் பிடிப்போ, தண்ணீரில் மிதக்கும் தன்மையோ அதில் அடங்காது. ஐரோப்பிய முத்திரையில் உள்ள ஈரப்பிடிப்புத் தரமும் புது டயருக்கானதுதான். தேய்ந்த நிலையிலும் ஈரப்பிடிப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதி, புதிதாக அனுமதி கோரும் கார் டயர்களுக்கு 2024 ஜூலையில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது.

கான்டினென்டலை நான் விரும்புவதற்கான முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 டயரின் பட்டனில் டி, டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் தெரியும்வரை உலர்ந்த சாலைக்கும் நனைந்த சாலைக்கும் டயர் தகுதியாக இருக்கிறது. டபிள்யூ தேய்ந்து மறைந்துவிட்டால் மழைக்கான திறன் குறைந்துவிட்டது என்று பொருள். சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே, மழையில் இதை நம்பாதே என்று டயரே எச்சரிக்கிறது. காற்றழுத்தம் பார்க்கக் குனியும்போது விரலால் தடவினாலே அந்த எழுத்தின் ஆழம் தெரிந்துவிடும். பட்டனின் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் இன்னொரு வகைக் கீற்றுகள் உண்டு. புது டயர் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு ஓரத்திலும் அவை ஒரே அளவில் தேய வேண்டும். உள் ஓரத்தில் மட்டும் சீக்கிரம் மறைந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை என்று புரிந்துகொள்ளலாம். சக்கரங்களின் மேற்புறத்தை உள்நோக்கிச் சற்றே சாய்த்து வைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உள் ஓரத் தேய்மானம் வெளியே தெரியாமல் நடப்பது வழக்கம் என்பதால், இது மிகவும் பயன்படுகிறது.

இரண்டாவது காரணம், ஓட்டத்தில் கண்டது. டபிள்யூ எழுத்து மங்கத் தொடங்கிய நிலையிலும், தேங்கிய நீரைக் கடக்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடவில்லை. பிடி குறைவது முன்கூட்டியே, படிப்படியாகக் கைக்குத் தெரிந்தது. இதற்கு முன் நான் பயன்படுத்திய வேறொரு நிறுவனத்தின் விலை மலிவான செட், புதிதில் அருமையாக இருந்து, பட்டன் கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்த நிலையிலேயே ஈரத்தில் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது.

விலைக்கணக்கும் இங்கேதான் மாறுகிறது. 8 மி.மீ. ஆழத்தோடு தொடங்கும் டயரை, மழைக்கு ஆகாது என்று 4 மி.மீட்டரில் கழற்ற நேர்ந்தால், பயன்பட்டது 4 மி.மீ. ரப்பர் மட்டுமே. அதே மழையில் 3 மி.மீ. வரை தாங்கும் டயர் 5 மி.மீ. ரப்பரைத் தருகிறது, அதாவது கால் பங்கு கூடுதல். விலையில் அதைவிடக் குறைவான வித்தியாசம்தான் இருக்கிறது என்றால், கூடுதலாகத் தோன்றுவதே உண்மையில் மலிவானது.

இண்டி 500ஐக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றில் பெரும்பாலும் அதுதான் விலை குறைவு. புதிதில் உலர்ந்த சாலையிலும் மழையிலும் அது தரும் பிடிப்பு அந்த விலைக்கு மிக அதிகம். நண்பர் ஒருவரின் காரில் அதை ஓட்டியிருக்கிறேன், ஆனால் அப்போது பட்டன் அதிகம் தேய்ந்திருக்கவில்லை. ஆகவே என் முக்கியக் கேள்விக்கு அதில் எனக்குச் சொந்த அனுபவத்தின் பதில் இல்லை. குறைவாக ஓட்டுபவர்கள், மழைக்காலத்தில் காரை நிறுத்தி வைப்பவர்கள், பட்ஜெட் இறுக்கமாக உள்ளவர்கள் தயங்காமல் அதை வாங்கலாம்.

ஆர்எஸ்4 வேறு ரகம். 200 எண் கொண்ட டயர்களில் சூட்டைத் தாங்கி நீண்ட நேரம் உழைக்கும் டயர் என்று பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் அதைப் பாராட்டுகிறார்கள். தடத்தில் நாள் முழுக்க ஓட்டிய பழக்கம் எனக்கு இல்லை என்பதால் அவர்கள் சொல்வதையே ஏற்கிறேன். ஆனால் அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வரும் காரில் அது சாலை இரைச்சலைக் கூட்டுகிறது, சூடேறும்வரை முழுப் பிடிப்பைத் தருவதில்லை, தேங்கிய நீரில் தேயத் தேய வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. ஆண்டில் சில நாட்களாவது தடத்துக்குப் போகிறவர், மழை நாட்களுக்கு வேறு டயரோ வேறு காரோ வைத்திருந்தால், அவருக்கு இதுதான் சரி.

மூன்றும் கோடைக்கால டயர்கள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் ஊர்களில் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். உறைபனியில் இவற்றை ஓட்டவே கூடாது. அத்தகைய இடத்தில் இருப்பவர்கள் ஆண்டு முழுவதற்குமான செயல்திறன் டயர்களைப் பார்க்க வேண்டும். அவற்றை நான் நெடுநாள் பயன்படுத்தியதில்லை.

எதை வாங்கினாலும், பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைக் கடையிலேயே பாருங்கள்; 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. தள்ளுபடியில் கிடைக்கும் டயர் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாக இருந்தால், ஈரப்பிடிப்பில் ஒரு பகுதி ஓட்டத் தொடங்கும் முன்பே போயிருக்கலாம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு என்றால், முன்னும் பின்னும் தவறாமல் மாற்றிப் போட்டு நான்கையும் ஒன்றாகத் தேயவிடுங்கள். இரண்டை மட்டும் வாங்க வேண்டிய நிலை வந்தால், புதியவை பின்னால் போகட்டும்.