ஒற்றை பர்னர் கேஸ் உலை கிட்: பர்னர் பாஸ், உள்பக்கம் உங்கள் பொறுப்பு

கத்தி அடிப்பவர்களுக்கென்று ஆன்லைனில் விற்கும் கிட் இது. 230 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளத்தில் இரும்பு உருளை, முக்கால் இஞ்ச் வெஞ்சுரி பர்னர் (கேஸின் வேகத்திலேயே காற்றை இழுத்துக்கொள்வது), 25 மி.மீ. செராமிக் வுல் (சூட்டை உள்ளே நிறுத்தும் பஞ்சு விரிப்பு) ஒரே ஒரு சுற்றுக்கு, ஹோஸ், ரெகுலேட்டர். கொடுக்கிற காசு பர்னருக்குத் தகும். மற்றதெல்லாம் அரைகுறை.

பெரிய குறை வுல்தான். ஒரு சுற்று வைத்தால் உள்ளே 180 மி.மீ. வாய், ஏழரை லிட்டருக்கு மேல் இடம். இந்த அளவு பர்னர் ஒன்று ஐந்தரை லிட்டர் வரைதான் தாங்கும். கத்திக்கான கமான் பட்டையை (வண்டியின் லீஃப் ஸ்பிரிங்) போட்டால் மங்கல் சிவப்பிலேயே நின்றுவிடும், கேஸ்தான் காலியாகும். 1260 டிகிரி தரத்தில் இன்னொரு சுற்று வாங்கிப் போடுங்கள், நாலு லிட்டருக்கு வந்துவிடும். அதன்மேல் ரிஜிடைசர் (வுல்லை இறுக வைக்கும் திரவம்) தெளித்து, காய்ந்ததும் 10 மி.மீ. காஸ்டபிள் (சூடு தாங்கும் சிமென்ட் கலவை) பூசினால் மூன்று லிட்டருக்கும் குறைவு. சூடு பிடிக்கும் வேகமே வேறு.

பூசாமல் விடவே கூடாது. இரும்பை ஒட்டவைக்கத் தூவும் போராக்ஸ் உருகி வுல்லில் பட்டால் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றிய மாதிரி கரைந்து குழியாகும். தவிர, 1000 டிகிரி கண்ட வுல்லில் சிலிக்கா படிகமாகிறது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெட்டும்போதும் பழையதைப் பிய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம். காஸ்டபிளை ஒரு நாள் பிளாஸ்டிக் மூடி ஈரத்தில் வையுங்கள், பிறகு நன்றாக உலர விட்டு, முதல் சில தடவை சின்னத் தீயில் மட்டும் எரியுங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும்.

பர்னர் மூக்கு உள்ளே துருத்தக் கூடாது. பூச்சின் முகத்துக்கு ஒரு 12 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். துருத்தினால் மூக்கு பழுக்கச் சூடேறி, தீ குழாய்க்குள் திரும்பி ‘பட் பட்’ என்று வெடிக்கும். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஜெட் (கேஸைப் பீய்ச்சும் சிறு துளை முனை) நடுவில் இல்லை என்று அர்த்தம். திடீரென்று சோர்ந்தால் ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள்: 0.9 மி.மீ. துளையை டெஃப்லான் டேப்பின் ஒரு நூல் அடைத்திருக்கும். டேப்பை மரையின் முதல் இரண்டு சுற்று விட்டுச் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

கூட வரும் ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் மீட்டர் இல்லை. 0–2 பார், மீட்டர் வைத்தது வாங்குங்கள், வேலைக்கு 0.3 முதல் 0.7 பார் போதும். வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் 30 மில்லிபார்தான் தரும், இதற்கு உதவாது. சிலிண்டரும் சமையலறை 14.2 கிலோ அல்ல, வணிக 19 கிலோ. மணிக்கணக்கில் எரிந்தால் சிலிண்டர் வியர்த்துக் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். அதற்காக அதைச் சூடாக்கப் போகாதீர்கள், தீயைக் குறையுங்கள்.

உலையின் வாயில் தீ நீளமாக மஞ்சள் நாக்கு நீட்டினால் காற்று போதவில்லை, கார்பன் மோனாக்சைடு வருகிறது. கூரைக்கடியில் வைப்பதானால் இரண்டு பக்கமும் திறப்பு இருக்கட்டும். ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பை எங்கும் சேர்க்காதீர்கள், துத்தநாகப் புகை கிளம்பும்.

பர்னரை மட்டும் தனியாக விற்றால் அதை வாங்குங்கள். உருளைக்கு பழைய சிலிண்டரை வெட்டுவதைவிட தடிமனான குழாய்த் துண்டு பத்திரம்.