வீட்டுக்குத் திரும்பும் மகள்: அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’

அ. ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ யாழ்ப்பாண நகரில் நான் தேடிய புத்தகசாலைகளில் இருக்கவில்லை. வரவழைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் ஏற்றுக்கொண்டு, ஏழு வாரங்கள் கழித்து, மூலை மடங்கிய ஒரு பிரதியை என்னிடம் தந்தார். இந்திய விலையை எங்கள் ரூபாவுக்கு மாற்றி, கொண்டுவந்த கூலியையும் சேர்த்துப் பார்த்தால், மாதச் சம்பளத்தில் வாழ்பவர் ஒருவர் சற்றுத் தயங்கக்கூடிய தொகைதான். ஆயினும் கொடுத்த காசில் ஒரு சதமும் வீணாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் வீட்டின் கடைசி ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட ஒருவர், தன்னைப் பெண்ணாக உணர்ந்து, டில்லிக்கும் மும்பைக்கும் பின்னர் பெங்களூருக்கும் சென்று, கடைகளில் கைநீட்டியும் பாலியல் தொழில் செய்தும் பிழைத்து, 1999 இல் பாலினச் சிறுபான்மையினரின் உரிமைகளுக்காக இயங்கும் ‘சங்கமா’ என்ற அமைப்பில் பணிக்குச் சேர்ந்து, அங்கேயே பொறுப்பான நிலைக்கு உயர்ந்த கதை இது. எழுத்தாளராக அவர் எடுத்துவைத்த முதல் அடி தன்னைப் பற்றியதன்று. தன்னைப் போன்ற மற்றவர்களைச் சந்தித்து, அவர்களுடைய வாய்மொழியைத் தொகுத்து, 2004 இல் ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலை வெளியிட்டார். தன் கதையை அதன் பின்னரே எழுதினார். தமிழில் எழுதப்பட்ட அந்தக் கதை வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010 இல் ஆங்கிலத்தில் முதலில் அச்சேறியது என்பதும், தமிழ் வாசகர்கள் அதற்குப் பிறகே அதைக் காண நேர்ந்தது என்பதும் எனக்கு இன்றும் வருத்தம் தருகின்றன.

நூலில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம், ஊர் மாரியம்மன் திருவிழாவில் அவர் குறத்தி வேடமிட்டு ஆடும் பகுதி. எங்கள் கூத்திலும் இசை நாடகத்திலும் ஆண்கள் பெண்வேடம் பூண்டு விடியும்வரை ஆடியதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். சேலை கட்டிய நடையையும் குரலின் நளினத்தையும் மெச்சி மாலை போட்டவர்கள் எங்கள் பாட்டன்மார். அந்த மெச்சுதல் வேடம் கலையும்வரைதான் என்பதை ரேவதி ஒரு குழந்தையின் கண்ணால் காட்டுகிறார். மற்றப் பிள்ளைகளுக்குக் குறத்தி ஒருநாள் வேடமாக இருந்தபோது, அவருக்கோ ஆண் உடுப்பைத் திரும்ப மாட்டிக்கொள்வதுதான் வேடமாக இருந்தது. பின்னாளில் அவர் ‘தெனாவட்டு’ திரைப்படத்தில் நடித்ததையும், அ. மங்கையின் நெறியாள்கையில் இந்த நூலையே மேடையேற்றித் தனியொருவராக நின்று நடித்ததையும் அறிந்தபோது, அந்தத் திருவிழாவில் ஆடிய பிள்ளை தனக்குரிய மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

இந்த நூலைத் துன்பங்களின் வரலாறாக மட்டும் வாசிப்பவர்கள் அதன் நடுநரம்பைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். ரேவதி ஓடிப்போனவர் அல்லர். திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்தவர். அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்த பின்னரும் வருகிறார். பெருநகரங்களில் உழைத்த பணத்தோடும் வருகிறார். அந்த வீட்டின் மகளாகத் தன்னை ஏற்க வேண்டும் என்று கேட்கிறார். பெற்றோரின் சொத்தில் தன் இடம் எது என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே எழுகிறது. யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கும்போது அந்தக் கேள்வி வேறொரு கூர்மையைப் பெறுகிறது. ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய, தேசவழமை என்ற எங்கள் வழமைச் சட்டத்தின் கீழ், மகளுக்குச் சீதனமாக வீடும் காணியும் எழுதுவதையே நாம் பெற்றோரின் தலையாய கடமையாகக் கொண்டிருக்கிறோம். மகனாகப் பதியப்பட்டு மகளாக வாழும் பிள்ளைக்கு அந்த வீட்டில் எந்தப் பங்கு? எங்கள் குடும்பங்களில் இதை வாய்விட்டுக் கேட்டவர்களை நான் கண்டதில்லை. கேட்க வேண்டிய பிள்ளைகள் பலர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பப்பட்டு, அந்தப் பேச்சே எழாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை மனம் என்று நாம் எந்தப் பொருளில் சொல்கிறோமோ, அதே பொருளில் இந்த மொழியும் வெள்ளை. உவமை தேடி அலையாமல், நடந்ததை நடந்த ஒழுங்கில், பக்கத்தில் இருந்து சொல்வதுபோலச் சொல்கிறது. ஆயினும் ஈழத்து வாசகருக்கு ஆரம்பத்தில் சில தடைகள் உண்டு. ஜமாத் (சமூகக் கூட்டம்), குரு, சேலா (சீடர்) ஆகிய சொற்கள் ஹிஜ்ரா எனப்படும் வட இந்தியத் திருநங்கையர் சமூகத்திலிருந்து வந்தவை. குருவைத் தாயாகவும் சேலாவை மகளாகவும் கொள்ளும் அந்த உறவுமுறை எங்களுக்குப் பழக்கமில்லாதது. ‘நிர்வாணம்’ என்பது அங்கே உடலை மாற்றும் அறுவையைக் குறிக்கிறது. ‘ஹமாம்’ என்பது பெங்களூரில் அவர்கள் நடத்திய குளியல் விடுதி. தங்குமிடமும் தொழிலிடமும் அதுவே. இவற்றைப் பொறுமையோடு கடந்துவிட்டால் பிறகு நூலைக் கீழே வைக்க முடியாது.

பொலிஸார் நடத்திய வன்முறையை விவரிக்கும் பகுதிகள் மிகக் கடினமானவை; இரவில் தனியே வாசிக்க வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொல்லி வருகிறேன். அவற்றை வேறு நாட்டுக் கதையாக ஒதுக்கவும் முடியாது. இங்கே 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் இதே மனிதர்கள்மீது பாயக்கூடியவையாகவே நீண்டகாலம் இருந்துவந்துள்ளன. 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ளும் வழி இலங்கையில் திறந்திருக்கிறது. அந்தக் கடதாசிக்குப் பின்னால் எத்தகைய வாழ்வு இருக்கும் என்பதை அலுவலகங்களில் கையொப்பமிடுபவர்கள் இந்த நூலிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

குறை என்று ஒன்றைச் சொல்வதானால், செயற்பாட்டாளராக அவர் உருவான ஆண்டுகள் இங்கே விரைவாகக் கடந்துபோகின்றன. சிறுபிராயத்தை அத்தனை நிதானமாகச் சொன்னவர், அமைப்புகளுக்குள் நடந்த இழுபறிகளையும் அதே நிதானத்தோடு சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அந்தப் பகுதியை 2016 இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் விரிவாக எடுத்துக்கொள்கிறது. 2019 இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலக முகப்பில் மாயா ஏஞ்சலோ, டோனி மொறிசன் ஆகிய எழுத்தாளர்களின் பெயர்களோடு ரேவதியின் பெயரும் தொங்கவிடப்பட்டது. தமிழில் எழுதிய ஒருவரின் பெயர் அங்கே ஏறிய செய்தியை நான் ஒருவர் இருவரிடமன்றிக் காணும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

உயர்தர வகுப்புக்கு மேற்பட்ட எவரும் வாசிக்கலாம். பெற்றோர் முதலில் வாசித்தால் இன்னும் நல்லது. என் பிரதியை அம்மா எடுத்துக்கொண்டு மூன்று வாரமாகிறது; கண்ணாடியை நூலுக்குள்ளே அடையாளமாக வைத்துவிட்டு நடுவே எழுந்துபோவார், சற்று நேரத்தில் திரும்பி வந்து அதே பக்கத்திலிருந்து தொடங்குவார். அதே கடைக்காரரிடம் இன்னும் இரண்டு பிரதிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்று எனக்கு, மற்றது எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு.