நாலு ராத்திரி கப்பல், ஆறு நாள் பஸ்: இரண்டு அம்மாக்களோடு போய் வந்தேன்

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். அவரை எங்கே கூட்டிப் போவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. கடலும் பார்க்க வேண்டும், காடும் பார்க்க வேண்டும், நடக்க முடியாது, ராத்திரி நல்ல படுக்கை வேண்டும். என் கணவர் தேடிப் பிடித்தது இந்தப் பேக்கேஜ். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பல் ஏறி மொசாம்பிக் பக்கம் நாலு ராத்திரி, திரும்பி இறங்கியதும் துறைமுகத்திலேயே பஸ் ஏறி செயின்ட் லூசியா, ஷ்லுஷ்லுவே, க்ரூகர் என்று ஈரநிலமும் காடுமாக ஆறு நாள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து அத்தையும், அதாவது என் மாமியாரும், சேர்ந்துகொண்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "காவடிக் கொடியேத்துறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்துடணும் கண்ணு." தைப்பூச விரதத்தை அவர் ஒரு வருஷமும் விட்டதில்லை. அதனால் ஜனவரி நடுவில் கிளம்பினோம்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து இதே மாதிரி கூட்டிப் போக நினைக்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விசா. மொசாம்பிக் பக்கம் போகும் கப்பலில் ஏறினால் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியே போனதாகத்தான் கணக்கு. திரும்ப டர்பனில் இறங்கும்போது மறுபடி நாட்டுக்குள் நுழைகிறீர்கள். இந்திய பாஸ்போர்ட்டில் ஒரே தடவை நுழையும் விசா இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். டூர் கம்பெனிக்காரர்கள் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. அம்மாவுக்குப் பலமுறை நுழையும் விசா இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மலேரியா விஷயத்தையும் அவர்கள் வாயே திறக்கவில்லை. செப்டம்பரிலிருந்து மே வரை க்ரூகர் பக்கம் மலேரியாக் காலம். நான் டாக்டரிடம் கேட்டுத்தான் மூன்று பேருக்கும் மாத்திரை வாங்கினேன். எழுபது வயதுக்காரர்களை அழைத்துப் போகும் கம்பெனி இந்த இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டாமா? எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கப்பல் நெல்சன் மண்டேலா பெயர் வைத்த புதிய முனையத்திலிருந்து கிளம்பியது. வரிசை நீளம், ஆனால் நாற்காலி இருந்தது, வெயில் படவில்லை. சாயங்காலம் பிளஃப் குன்றைத் தாண்டித் துறைமுக வாயில் வழியாக வெளியே வந்தோம். டர்பனில் துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கித் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். எல்லோரும் மொபைலைத் தூக்கி அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் எதிர்ப்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க தாத்தாவோட அப்பா இந்த வாசல் வழியாத்தான் உள்ள வந்தாரு. நான் இப்பதான் இது வழியா வெளிய போறேன்." மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரோடு 1860 நவம்பர் 16-ஆம் தேதி இங்கே வந்தது சாட்ஸ்வொர்த்தில் குழந்தைக்கும் தெரியும். அத்தையின் முப்பாட்டனார் வந்தது அதற்குப் பிந்தைய ஏதோ ஒரு கப்பலில். அம்மா பக்கத்தில் போய் நின்று, ஒன்றும் பேசாமல் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அரைமணி நேரத்துக்காகவே இந்தக் கப்பலுக்குக் கொடுத்த காசு தகும்.

கப்பல் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறை சின்னது, சுத்தம். சைவச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் பருப்பு என்று வைப்பது மூன்று வேளையும் ஒரே பருப்பு. இரண்டாம் நாளே அத்தை பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துவிட்டார். முதல் ராத்திரி கப்பல் நன்றாக ஆடியது. அம்மா எழுந்திருக்கவே இல்லை. இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டுக் கொடுத்தேன், கொஞ்சம் கேட்டது.

போர்த்துகீஸ் தீவு மப்புட்டோ விரிகுடாவின் வாயில், இன்யாக்கா தீவுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டித் தீவு. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு நாள் தீவு என்று போட்டிருந்ததில் ஒரு நாள்தான் இறங்க முடிந்தது. மறுநாள் காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். எழுபது வயதுக்காரர்கள் ஆடும் படகில் கால் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். படகு விடாததுதான் சரி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மணல் கொதித்தது. அங்கே துணி விற்கும் பெண்களிடம் அத்தை ஒரு கப்புலானா வாங்கினார், மொசாம்பிக் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி. தென்னாப்பிரிக்க ரேண்டையே வாங்கிக்கொண்டார்கள். மஞ்சளும் ஊதாவுமாக அந்தத் துணி பிறகு பஸ்ஸில் போர்வை, ஜன்னல் திரை, தலையணை என்று எல்லாமாகவும் உழைத்தது.

வெள்ளிக்கிழமை காலை டர்பன். முந்தின ராத்திரியே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், அவை நேராகக் கரைக்குப் போய்விடும். மருந்துப் பையை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பஸ்ஸில் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை பெட்டிக்குள் போய்விட்டது, பெட்டி கிடைக்கும் வரை அவர் பட்ட பாடு பாவம்.

இங்கேதான் இந்தப் பேக்கேஜின் முதல் பெரிய தவறு. கப்பலை விட்டு இறங்கியும் தரை ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு நாளாவது ஆகும் அது அடங்க. அப்படியே பஸ்ஸில் ஏற்றி நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்கு டுகேலா ஆறு தாண்டும் வரை தலை சுற்றல் நிற்கவில்லை. காட்டை முதலில் வைத்துக் கப்பலைக் கடைசியில் வைத்திருந்தால், விடியற்காலை எழுந்து அலைந்த உடம்பு பிறகு நாலு நாள் கப்பலில் ஓய்வெடுத்திருக்கும்.

பஸ் நல்ல பஸ். ஏசி, கழிப்பறை, சாய்கிற சீட். படி மட்டும் ரொம்ப உயரம், ஓட்டுநர் ஒவ்வொரு தடவையும் ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டுக் கைகொடுத்தார். எங்கள் வழிகாட்டி ஒரு ஸூலுக்காரர், ஐம்பது வயதிருக்கும். இரண்டாம் நாளிலிருந்து அத்தையை 'கோகோ' என்றுதான் கூப்பிட்டார். ஸூலுவில் பாட்டி. அத்தையும் அவருக்கு ஸூலுவிலேயே பதில் சொன்னார். அம்மா கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி, உங்களுக்கு இந்த பாஷை இவ்வளவு நல்லா வருமா?" சாட்ஸ்வொர்த்துக்கு முன்னால் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர் அத்தை. வராமல் என்ன செய்யும்.

செயின்ட் லூசியாவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 1999-இல் தென்னாப்பிரிக்காவுக்கு முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்கள் கிடைத்தபோது அதில் ஒன்று இந்த ஈரநிலம். இப்போது இசிமங்கலிசோ என்று பெயர், அதிசயம் என்று பொருள். கழிமுகத்தில் இரண்டு மணி நேரப் படகு. நீர்யானைகள் பாறைக்கூட்டம் மாதிரி கிடக்கும், திடீரென்று ஒரு பாறை வாயைத் திறக்கும். ஆனால் எனக்கு மறக்காதது ராத்திரிதான். ராத்திரியில் நீர்யானைகள் தெருவுக்கு வரும், வெளியே நடக்காதீர்கள் என்று விடுதி வாசலிலேயே பலகை இருக்கிறது. பதினொரு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் ஏதோ பெரிசாக நிற்கிறது. விளக்குப் போடவில்லை. சத்தம் மட்டும் கேட்டது: சரக், சரக் என்று பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி, நடுவில் ஒரு பெருமூச்சு. "நம்ம லட்சுமி வைக்கோல் இழுக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அம்மா ரகசியமாக. லட்சுமி என்பது எங்கள் வீட்டில் முன்பு இருந்த பசு. மூன்று பேரும் திரைக்குப் பின்னால் அரைமணி நேரம் மூச்சுக் காட்டாமல் நின்றோம்.

ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசிப் பூங்காவில் பெரிய பஸ்ஸை விட்டுவிட்டுத் திறந்த ஜீப்புகளுக்கு மாறினோம். இந்தப் பயணத்தில் யோசித்துச் செய்த ஒரே ஏற்பாடு அது. 1895-இல் காப்புக்காடாக அறிவித்த இடம், 96,000 ஹெக்டேர். உலகத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் நூறுகூட மிஞ்சாமல் போன காலத்தில், மிஞ்சியவை இங்கேதான் இருந்தன. 1960-களில் வனக்காவலர் இயன் பிளேயர் முன்னின்று அவற்றைப் பிடித்து வேறு காடுகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பி இனத்தைக் காப்பாற்றினார். அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர் மக்குபு ந்டொம்பேலா என்ற ஸூலுக்காரர் என்று வழிகாட்டி அந்தப் பெயரை அழுத்திச் சொன்னார்.

பத்து மணிவாக்கில் பாதையோரம் ஒரு காண்டாமிருகமும் கன்றும். இருபதடி தூரம் இருக்கும். காதுமடலில் ஒட்டியிருந்த உண்ணி வரை தெரிந்தது. ஆனால் கொம்பு இல்லை. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ரம்பத்தால் அறுத்துத் தேய்த்த, தட்டையான இரண்டு வட்டங்கள். 2023-இல் மட்டும் இந்த ஒரு பூங்காவில் 307 காண்டாமிருகங்களைக் கள்ளவேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். அதனால் 2024-இல் பூங்கா நிர்வாகமே மயக்க ஊசி போட்டுக் கொம்புகளை அறுக்க ஆரம்பித்தது. வலிக்காது, நகம் மாதிரிதான், திரும்ப வளரும், திரும்ப அறுப்பார்கள். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலசம் இல்லாத கோபுரம் மாதிரி இருக்கே." ஜீப்பில் யாருக்கும் புரியவில்லை, எனக்கும் அத்தைக்கும் தொண்டை அடைத்தது.

அங்கேயே இன்னொன்று. முந்தின நாள் மழை பெய்திருந்தது. பாதை நடுவில் யானைச் சாணம், அதைச் சுற்றிச் சாணி உருட்டும் வண்டுகள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். அவற்றுக்கு வழி விட வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஒரு வண்டு எலுமிச்சம்பழ அளவு உருண்டையைத் தலைகீழாக நின்று பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும். நடுவில் உருண்டை மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றித் திசை பார்க்கும், இறங்கி மறுபடி தள்ளும். பகலில் சூரியனை வைத்துத் திசை பிடிக்கிறது. ராத்திரியில் அலையும் வண்டு இனம் பால்வீதியின் வெளிச்சத்தை வைத்துத் திசை பிடிக்கிறது என்று 2013-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த வண்டு மழைக்காலத்தில்தான் இப்படிக் கூட்டமாக வரும். குளிர்காலத்தில் போயிருந்தால் பார்த்திருக்க மாட்டோம்.

அதனால்தான் காலத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டர்பனிலிருந்து கப்பல் ஓடுவது கோடையில். குளிர் வருவதற்குள் அவை வடக்கே போய்விடும். காட்டில் மிருகம் நன்றாகத் தெரிவதோ ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, புல் காய்ந்து, தண்ணீர் வற்றி, எல்லாம் ஆற்றங்கரைக்கு வரும்போது. ஜனவரியில் புல் ஆள் உயரம். இரண்டையும் ஒரே சீட்டில் போட்டால் கப்பலின் நல்ல காலம்தான் உங்களுக்குக் கிடைக்கும், காட்டின் நல்ல காலம் கிடைக்காது. எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

க்ரூகரில் அது முகத்தில் அடித்த மாதிரி தெரிந்தது. செயின்ட் லூசியாவில் விடிந்ததும் கிளம்பி, பொங்கோலா, பீட் ரெட்டீஃப் வழியாக, ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிவரும் லாரிகள் எதிரே வரிசைகட்டி வர, க்ரூகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிற மலலேன் சேரும்போது மாலை நாலரை. அன்று முழுக்கக் காப்பாற்றியது அத்தையின் பேட்காஸ்தான், இங்கே வழிச்சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். டர்பனில் கப்பலடிக்கே நாத்தனார் கொண்டுவந்து கொடுத்த முறுக்கும் அதிரசமும், அன்று காலை விடுதிச் சமையலறையில் அத்தை கேட்டு வாங்கிச் சுருட்டிய பீன்ஸ் கறி ரொட்டியும்.

மறுநாள் க்ரூகரைப் பெரிய பஸ்ஸிலேயே சுற்றினோம். பஸ் உயரமாக இருப்பதால் புல்லுக்கு மேலே பார்க்கலாம், அது உண்மை. சேபி ஆற்றில் யானைக்கூட்டம் குளித்ததை எங்களுக்குத் தெரிந்த அளவு கார்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஜன்னல் திறக்காது. வாசனை இல்லை, சத்தம் இல்லை, கறுப்புக் கண்ணாடியில் படம் எல்லாம் பச்சையடித்து வந்தது. மண்பாதைகள் பக்கம் பஸ் திரும்பவே இல்லை. ரோட்டோரக் குழாய்ப்பாலத்துக்குள் கழுதைப்புலிக் குட்டிகள் இருந்தன. கார்களில் இருந்தவர்கள் நேருக்கு நேர் பார்த்தார்கள். நாங்கள் மேலேயிருந்து கார்களின் கூரையைத்தான் பார்த்தோம். பூங்காவுக்குள் தங்கும் முகாம்களின் கதவு ஜனவரியில் காலை நாலரைக்குத் திறக்கிறது, பூங்காவின் வெளிவாசல் ஐந்தரைக்கு. எங்கள் விடுதி வெளியே, காலை உணவு முடித்து உள்ளே போகும்போது ஏழரை. ஒன்பதுக்கெல்லாம் வெயிலில் மிருகங்கள் நிழலுக்குப் போய்விட்டன. சிங்கம் பார்க்கவில்லை என்பது எனக்குக் குறையில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் எங்களைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்ததுதான் குறை. மறுநாள் முழுக்கத் திரும்பிவரும் ரோடு. ஆறு நாளில் இரண்டு நாள் இப்படி ரோட்டிலேயே போயிற்று.

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எழுதவில்லை. துறைமுகக் கட்டணம், கப்பலில் டிப்ஸ், பூங்கா நுழைவு இவை சேர்ந்ததா தனியா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி போவேனா என்றால், கப்பலுக்கும் செயின்ட் லூசியா, ஷ்லுஷ்லுவேக்கும் கட்டாயம் போவேன், காட்டை முன்னால் வைத்து. க்ரூகரை இதோடு ஒட்டவே கூடாது, அதற்குத் தனியாக ஒரு ஜூலையும் சொந்தக் காரும் முகாமுக்குள்ளேயே அறையும் வேண்டும்.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போனில், அந்த வண்டு வீடியோவை மறுபடி அனுப்பச் சொன்னார், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமாம். அத்தை விரதம் முடித்து, காவடிக்குப் பால் குடம் எடுத்து, இப்போது ஜூலைக்கு எந்த முகாமில் அறை இருக்கிறது என்று தினமும் கேட்கிறார். லோயர் சேபியில் ஆற்றைப் பார்த்த அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.