இரண்டு மூணாறுகளும் ஒரு தூண்டிலும்: ஏழு ஆண்டு அனுபவம்

கேரளத்து மூணாறு எல்லோருக்கும் தெரியும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள மூணாறு தலைப்பு காவிரி டெல்டாவைத் தாண்டினால் அதிகம் பேருக்குத் தெரியாது. மலையில் முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் வந்து சேர்கின்றன. இங்கே வெண்ணாறு ஒன்றாக வந்து, கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அந்த மூணாறுக்காக வாங்கிய தூண்டிலை இந்த மூணாற்றில்தான் ஏழு ஆண்டுகளாக வீசிக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்துக்குத்தான் இறக்குவேன். வருகிறவர்கள் மருந்துச் சீட்டோடு தங்கள் வலியையும் சேர்த்தே நீட்டுவார்கள். கேட்காமல் இருக்க எனக்கு மனம் வராது. கேட்டதையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து போய், தூக்கம் கெட்டுப்போன காலத்தில், தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த என் மைத்துனர் மலை ஓடையில் ஃப்ளை தூண்டில் வீசிப் பாருங்கள் என்றார். 2017 டிசம்பரில் 11,500 ரூபாய்க்கு ஒரு தொகுப்பு வாங்கினேன். ஒன்பது அடி கார்பன் கழி, நான்கு துண்டாகக் கழற்றலாம். அலுமினிய ரீல், 5ஆம் எண் கயிறு; எண் கயிற்றின் கனத்தைக் குறிக்கும்.

என் அப்பாவின் தூண்டில் மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, நெட்டிச் செடியின் லேசான தண்டில் செய்த தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை முங்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளை தூண்டிலில் முள்ளின் மேல் இருப்பது இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது. எடையில்லாததை எறிய முடியாது. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்திருக்கிறார்கள். கழியைப் பின்னால் இழுக்க வேண்டும். கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். பிறகு முன்னால் தள்ளினால் கயிறு வளைந்து ஓடி, நுனி நரம்பையும் பூச்சியையும் தண்ணீரில் மெல்ல இறக்கும்.

பாமணியாற்றங்கரையில் ஒரு பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “தம்பி, மீன் முன்னால் இருக்கிறது. நீ ஏன் பின்னால் வீசுகிறாய்?” என்று கேட்டார். இந்தக் கலையைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். முன் வீச்சுக்கான வலுவெல்லாம் பின் வீச்சில்தான் சேர்கிறது. இடையில் பொறுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் மொத்த விற்பனையாளருக்குத் தர வேண்டிய பாக்கி நினைவுக்கு வந்தால் கயிறு சுருண்டு தோளில் விழும். வேறு எதையும் நினைக்க அது இடம் கொடுக்காது. தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் கவலைகளும் கூடவே உட்கார்ந்திருந்தன. இதில் அவற்றுக்கு இடமில்லை. இந்தத் தூண்டில் எனக்குத் தந்த பெரிய ஆறுதல் இது.

மலைப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், மதுரை, தேனி, போடிமெட்டு என்று ஏறினால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். 2018 ஜனவரியில் முறையாக அனுமதி வாங்கிய ஓர் ஓடையில் முழங்கால் விறைக்கும் தண்ணீரில் நின்றேன். நான் தேடிப் போன வானவில் டிரவுட் அந்த மலையில் பிறந்த மீன் இல்லை. வட அமெரிக்காவின் மேற்கில் வாழ்ந்ததை, தேயிலை பயிரிட வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டால் அதற்குத் திணறல். பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு ஓடும் அந்த மீனை ஈரக் கையால் தாங்கி, அது நீந்திப் போவதைப் பார்த்தது என்றும் மறக்காது. ஆனால் ஏழு ஆண்டுகளில் மூன்று முறைதான் போக முடிந்திருக்கிறது. அங்கே கிடைத்த அமைதி திரும்பும்போது போடிமெட்டு வளைவுகளிலேயே கரையத் தொடங்கிவிடும். ஓடை கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் இறங்கிவிடவும் கூடாது. இரவிகுளம் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்கள் சுற்றிலும் இருக்கின்றன.

கருவியின் முதல் குறை ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 2018 கோடையில் அலமாரியில் வைத்திருந்தேன். ஜூலையில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் எடுத்தால், கயிறு ரீலிலேயே பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. வளையங்களில் ஓடவில்லை, கொழகொழவென்று தொங்கியது. விற்றவர் எனக்குக் கொடுத்திருந்தது குளிர்ந்த நீருக்கான கயிறு. அதன் மேல்பூச்சு நம் வெயிலில் இளகிவிடும். வெப்பநாட்டுக்கென்று கெட்டியான பூச்சோடு தனியாகக் கயிறு உண்டு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓராண்டு வீணாகப் போராடிய பிறகு மாற்றினேன், அன்றிலிருந்து கழியே வேறு கழி போல ஆகிவிட்டது. சமவெளியில் வீச நினைப்பவர்கள் கழியில் மிச்சம் பிடித்துக் கயிற்றில் செலவு செய்யுங்கள்.

இரண்டாவது தொல்லை கரை. முதுகுக்குப் பின்னால் முப்பது அடி வெட்டவெளி வேண்டும். நம் ஆற்றங்கரைகளில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக நிற்கிறது. எத்தனையோ பூச்சிகளை அதில் இழந்திருக்கிறேன். கடைசியில் உருட்டு வீச்சைப் பழகினேன்: கயிற்றைப் பின்னால் பறக்கவிடாமல், தண்ணீரின் மேலேயே இழுத்து, வட்டமாக உருட்டி முன்னால் அனுப்புவது. தூரம் குறையும். வாய்க்காலுக்கு அது போதும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு நான் வழக்கமாக நிற்கும் கரையில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பின்னால் வேண்டிய மட்டும் வெட்டவெளி. பல மாதங்கள் எனக்கு அந்த இடத்தில் நின்று வீச மனம் வரவில்லை.

இனி மீன்களைப் பற்றி. போலிப் பூச்சிக்குக் கெண்டை வருகிறது, ஜிலேபி வருகிறது, அதிகாலையில் விரால் வருகிறது. கெளுத்திக்கும் ஆராலுக்கும் இது சரிப்படாது; அவை அடியில் மேய்பவை, அவற்றுக்கு அப்பாவின் மண்புழுதான். ஆண்டில் நான் காத்திருப்பது ஐப்பசியில் வரும் ஒரு சில மாலைகளுக்காக. நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும். ரெகுலேட்டர் பாலத்து விளக்கைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்து, இறகு உதிர்ந்து, தண்ணீரில் விழும். விளக்கு வெளிச்சம் படும் இடமெல்லாம் கெண்டைகள் மேலே வந்து வாய் திறந்து சளக் சளக்கென்று எடுக்கும். மலையில் பூச்சி கிளம்பும் நேரத்துக்காக டிரவுட்காரர்கள் தவமிருப்பார்கள் என்று மைத்துனர் சொல்வார். நம் ஊர்த் தவம் ஈசலுக்கு.

அதற்கென்று ஒரு பூச்சி கட்டினேன். கடையில் விற்கும் எதுவும் ஈசலைப் போல இல்லை. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலைச் சின்னதாகச் செய்துகாட்டும் அதே நெட்டியை, 2020இல் புவிசார் குறியீடு பெற்றதே, அந்த வேலைப்பாட்டுக்கான நெட்டியை, நெல்மணி பருமனுக்குச் சீவி முள்ளின் மேல் வைத்துப் பழுப்பு நூலால் சுற்றினேன். இறகுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையிலிருந்து நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. எவ்வளவு நனைந்தாலும் நெட்டி மிதக்கும். அப்பா தக்கையாக்கிய நெட்டி என் கையில் ஈசலானது. அதை ஒரு கெண்டை முதன்முதலாக எடுத்த மாலையில் வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய மூங்கில் கழியைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்துக் கூடத்தில் சாத்தி வைத்தேன்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேலே விட்டு, தானும் துணையும் அடியில் காவல் நிற்கும். செந்நிறக் குஞ்சுகள் தண்ணீரில் குமிழியிடுவது போலத் தெரியும். அந்த இடத்தில் எதைப் போட்டாலும் தாய் சீறி வந்து கவ்வும், பசியால் அல்ல, காவலால். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அங்கே தூண்டில் போடாதீர்கள்.

மலை ஓடையைப் போல நம் ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும், என் தூண்டிலின் நாட்காட்டியும் அதுதான். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். குறுவை போட முடியாமல் தவித்தவர்களைத் தினமும் கடையில் பார்த்த எனக்குத் தூண்டிலைப் பற்றிப் பேசவே கூசியது. என்னால் மறக்க முடியாதது 2021. கொரோனா இரண்டாம் அலை அடித்த அந்த மே மாதம் கடை வாசலில் நின்றவர்களின் முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. கேட்ட மருந்தை இல்லை என்று எத்தனை பேரிடம் சொன்னேன்! ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, சில நாள் கழித்துப் பாமணியாற்றில் நுரையும் சருகுமாகப் புதுத் தண்ணீர் ஊர்ந்து வந்த காலையில் கழியோடு போய் நின்றேன். கலங்கல் தண்ணீரில் எந்த மீனும் பூச்சியை எடுக்காது என்று தெரியும். இரண்டு மணி நேரம் வீசினேன். அன்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு தூங்கினேன்.

தேய்மானத்தைப் பற்றி: கழியில் இதுவரை விரிசல் இல்லை, இணைப்புகள் இறுக்கமாகவே இருக்கின்றன. தக்கைக் கைப்பிடி வியர்வையில் கறுத்துவிட்டது, சோப்பு நீரில் கழுவினால் பாதி வெளுக்கும். ரீலின் ஒரு திருகு துருப்பிடித்தது என் தவறுதான். பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடும் முத்துப்பேட்டைப் பக்கம் கொடுவா மீன் ஆசையில் போய்விட்டு, உப்பு நீரைக் கழுவாமல் பையில் வைத்தேன். கொடுவா நுனி நரம்பை அறுத்துக்கொண்டு போனது, ஐந்தாம் எண் கழி அதற்கு ஈடுகொடுக்காது. கயிற்றை மாதம் ஒருமுறை சோப்பு நீரில் துடைக்கிறேன். கோடையில் ரீலிலிருந்து கழற்றிப் பெரிய வட்டமாகச் சுற்றி வெயில் படாத இடத்தில் மாட்டுகிறேன்.

ஆறு வறண்ட மாதங்களில் விடியற்காலையில் மணற்படுகையில் நின்று, முள்ளுக்குப் பதில் கொஞ்சம் சிவப்பு நூலைக் கட்டி வீசுகிறேன். அந்தப் பெரியவர் சில நாள் வந்து கரையில் உட்காருவார். போன வாரம் கழியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பின்னால் இழுத்து, சரியாகப் பொறுத்து, முன்னால் விட்டார். நூல் நாற்பது அடி தள்ளி மணலில் விழுந்தது. “தண்ணீர் வரட்டும் தம்பி” என்று சொல்லிக் கழியைத் திருப்பிக் கொடுத்தார்.