வட்டார நிறுவனமா, கடல்கடந்த கூட்டாளியா: விமானிகளுக்கு எது ஆபத்து?

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் தாங்கள் விற்ற டிக்கெட்டுக்கு வேறொருவர் விமானத்தைப் பறக்கவிட இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் கடிவாளம் போடுவது விமானிகள் சங்க ஒப்பந்தத்தின் ‘ஸ்கோப்’ பிரிவு, அதாவது எந்தப் பறப்பை வெளியாருக்குக் கொடுக்கலாம் என்று வரையறுக்கும் பகுதி.

முதல் வழி, பெரிய நிறுவனத்தின் பெயரில் சிறிய விமானங்களை ஓட்டும் வட்டார நிறுவனங்கள். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றுக்குமே ஸ்கைவெஸ்ட் பறக்கிறது. வாலில் பெரிய நிறுவனத்தின் வண்ணம். காக்பிட்டில் வேறு சம்பளம், வேறு சீனியாரிட்டி. வரம்பு மட்டும் தெளிவானது: அதிகபட்சம் 76 இருக்கை, 86,000 பவுண்டு புறப்பாட்டு எடை. எம்ப்ரேயர் ஈ175-ஈ2 என்ற விமான ரகம் இந்த எடையைத் தாண்டுவதால் அமெரிக்க வட்டார நிறுவனங்களின் கைக்கு வரவே இல்லை. ஒரு சங்க விதிக்கு அவ்வளவு வலிமை! ஆனால் 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே வட்டார நிறுவனமான கோல்கன் ஏரின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தின் மேல் இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். வட்டார விமானிகளின் சொற்பச் சம்பளமும் களைப்பும் அதன் பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தன.

இரண்டாவது, அட்லாண்டிக் கடக்கும் விமானங்களின் வருவாயை டெல்டாவும் ஐரோப்பாவின் ஏர் பிரான்ஸ்–கேஎல்எம்மும் பகிர்வது போன்ற கூட்டு. அந்தப் பக்க விமானிகளுக்கும் வலுவான சங்கம் உண்டு. அடிமாட்டுச் சம்பளப் போட்டி இல்லை. ஆனால் இங்கே இருக்கை வரம்பு உதவாது. கூட்டின் மொத்தப் பறப்பில் அமெரிக்க நிறுவனத்தின் பங்கு இத்தனை சதவீதம் என்றுதான் எழுத முடியும். கணக்கு முடிந்து குறைவு தெரியவரும்போது பறப்பு ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

பயணியின் உயிரை நினைத்தால் முதலாவதைத்தான் இறுக்க வேண்டும். 76 என்ற எண்ணை எந்தச் சம்பள உயர்வுக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.