தேதி இருந்தவளும் தேதி இல்லாதவனும்

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், அண்ணன் மகன் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். 16 வயது. "எத்தனை நாளாடா?" என்றேன். "ரெண்டு மாசமா அத்தை. அப்பாகிட்ட சொல்லாதீங்க."

சொன்னால் திட்டு விழும் என்ற பயம் பாதி. மீதி, 8 வயதில் ஒரு கிளினிக்கில் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, அழ அழப் பல்லைப் பிடுங்கிய நினைவு. அதற்கப்புறம் பல் டாக்டர் பக்கமே அவன் தலைகாட்டவில்லை.

மறுநாள் வேறொரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கீழ்வரிசை இரண்டாவது கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ரூட் கெனால், அதாவது கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கும் சிகிச்சை, இரண்டு முறை வரவேண்டும். அங்கிருந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை என்னிடம் காட்டவில்லை, அவனிடம் காட்டினார். "வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடறேன்" என்றார். இரண்டு தடவை தூக்கினான். இரண்டு தடவையும் நிறுத்தினார். எட்டு வருஷப் பயம் அந்த நாற்காலியில் எவ்வளவோ குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு உறைத்தது இன்னொரு விஷயம். அவன் தங்கைக்கு 14 வயது, பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறாள். மாதாமாதம் போய் வருகிறாள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அவளுக்கு வந்த சிறு சொத்தையை அங்கேயே கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே வருமானம், அதே அப்பா அம்மா. அவள் கையில் அடுத்த தேதி இருந்தது. அவனுக்கு வலி வந்தால்தான் தேதி.

6 வயதில் முதல் கடைவாய்ப்பல் முளைக்கும்போது அம்மா பக்கத்தில் நின்று பல் தேய்த்துவிடுவாள். இரண்டாவது கடைவாய்ப்பல் வருவதோ 12 வயதுவாக்கில், பிள்ளையின் வாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்காத வயதில். புதிதாக முளைத்த பல்லின் மேலோடான எனாமல் முழுசாக இறுகச் சில வருஷம் பிடிக்கும். அதன் மேல் பள்ளங்களும் ஆழம், பிரஷ் சரியாக எட்டாது. அந்தப் பள்ளங்களை சீலன்ட் பூசி மூடிவிடலாம், வலியே இல்லாத வேலை. அதற்குப் பிள்ளை அந்த வயதில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமே.

செலவு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. பள்ளி விடும் நேரமும் கிளினிக் திறக்கும் நேரமும் ஒத்துப்போகாததும் காரணம். ஆனால் அண்ணனிடம் கேட்டேன், நீ கடைசியாக எப்போது போனாய் என்று. பல் ஆடினபோது, என்றான். வலித்தால்தான் பல் டாக்டர் என்பதைப் பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வந்தாக வேண்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். வாயைப் பொறுத்தது என்றார். சொத்தை அடிக்கடி வருகிறவர்களுக்கு மூன்று மாதம், நன்றாக இருப்பவர்களுக்கு ஒரு வருஷம்கூடப் போதும். எதுவானாலும் கிளம்பும் முன்னால் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.

இரண்டாவது முறை நான் கூடப் போகவில்லை, அவனே போய் வந்தான். மூன்று மாதம் கழித்து வரச் சொன்ன தேதியைப் போனில் குறித்திருந்தான். அதே நாளில் அண்ணனுக்கும் ஒரு நேரம் வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.